புது கம்ப்யூட்டரில் கேம் திக்குகிறதா? கடைக்குச் சண்டைக்குப் போகுமுன் பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள்!

“ஒரு லட்சத்து இருபதாயிரம் கொடுத்து வாங்கினோம். பையனோட பழைய லேப்டாப்பே தேவலை போலிருக்கு. கடைக்காரர் மட்டமான பார்ட்ஸ் போட்டு ஏமாத்திட்டார்னு அவங்க அப்பா கொதிக்கிறார். நாளைக்குக் கடைக்கே போய்க் கேக்கப் போறாராம். அதுக்குள்ள ஏதாவது சொல்ல முடியுமா?”

திருவண்ணாமலை வேங்கிக்காலில் இருந்து ஒரு வாசகி அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி. ஏலச்சீட்டு எடுத்த பணமாம். மகன் அனிமேஷன் படிக்கிறார். படிப்புக்கும் ஆகும், கேமும் ஆடிக்கொள்ளட்டும் என்று உள்ளூர்க் கடையிலேயே அசெம்பிள் செய்து வாங்கியிருக்கிறார்கள். ஆன் செய்தால் சில நொடிகளில் விண்டோஸ் வந்துவிடுகிறது. கேமைத் திறந்தால் மட்டும் நொண்டுகிறது.

பெரியவர்களுக்காக ஒரு விளக்கம். கேம் ஓடும்போது கம்ப்யூட்டர் ஒவ்வொரு படமாக வரைந்து திரைக்கு அனுப்புகிறது. நொடிக்கு எத்தனை படம் என்பதுதான் பிள்ளைகள் சொல்லும் ‘எஃப்பிஎஸ்’. சினிமா 24 படத்தில் ஓடுகிறதே, கேமுக்கு மட்டும் ஏன் 60, 144 என்று கேட்கலாம். சினிமாவில் நாம் வெறுமனே பார்க்கிறோம். கேமில் பட்டனை அழுத்திவிட்டு அடுத்த படத்துக்குக் காத்திருக்கிறோம். 60 எஃப்பிஎஸ் என்றால் ஒரு படத்தை 16.7 மில்லி செகண்டுக்குள் வரைந்தாக வேண்டும். அது தவறும்போதுதான் ‘திக்குது’ என்கிறார்கள்.

வாசகியின் மகனை வீடியோ காலில் பிடித்தேன். “தம்பி, சிபியுவைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டுப்பா” என்றேன். (நம் ஊரில் மொத்தப் பெட்டிக்கும் அதுதானே பெயர்!) மேலே யுஎஸ்பி துளைகளுக்குப் பக்கத்தில் ஒரு ஹெச்டிஎம்ஐ துளை, மானிட்டர் கேபிள் அதில் இருந்தது. கீழே, படுக்கைவாட்டில் நாலு துளைகளோடு கிராஃபிக்ஸ் கார்டு. அதில் ஒன்றுமே சொருகவில்லை. மேலே இருப்பது மதர்போர்டின் துளை. அதில் சொருகினால் பெரும்பாலும் பிராசஸருக்குள் இருக்கும் சின்ன கிராஃபிக்ஸ்தான் கேமை இழுக்கும். சீட்டுப் பணத்தில் பாதியை விழுங்கிய கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும். கடையில் சரியாகத்தான் மாட்டிக் காட்டினார்களாம். வீட்டுக்கு வந்தபின் யாரோ கையில் கிடைத்த துளையில் சொருகியிருக்கிறார்கள். யார் என்று அந்த வீட்டில் இன்னும் பேச்சு நடக்கிறது!

கேபிளைக் கீழே மாற்றியதும் இருபதுகளில் நொண்டிக்கொண்டிருந்த எண் நூறைத் தாண்டியது.

அப்பாவின் சந்தேகத்துக்கும் அங்கேயே பதில் கிடைத்தது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதிக்குப் போனால் பிராசஸர், ராம், கிராஃபிக்ஸ் கார்டு எல்லாம் மாடல் பெயரோ அளவோடு இருக்கும். பில்லைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இவர்கள் வீட்டில் எல்லாமே பில்லில் உள்ளபடி இருந்தன. பாவம் கடைக்காரர்.

எல்லார் வீட்டிலும் கேபிளோடு கதை முடியாது. அடுத்து பார்க்க வேண்டியதும் அதே டாஸ்க் மேனேஜரில்தான் இருக்கிறது. கேம் ஓடும்போது கிராஃபிக்ஸ் கார்டு எத்தனை சதவீதம் உழைக்கிறது? 97, 99 என்று காட்டினால் கார்டு முழு மூச்சில் வேலை செய்கிறது. நீங்கள் கேட்பதுதான் அதிகம். 4கே திரையில் சுமார் 83 லட்சம் புள்ளிகள், சாதாரண ஃபுல் ஹெச்டியில் சுமார் 21 லட்சம். நாலு மடங்கு வேலை! ‘சைபர்பங்க் 2077’ போன்ற கேமில் பாத் டிரேசிங்கையும் போட்டால் உலகத்திலேயே விலை உயர்ந்த கார்டுகளுக்கும் மூச்சு வாங்கும். நிழல், ரே டிரேசிங் செட்டிங்குகளை ஒரு படி இறக்குங்கள். டிஎல்எஸ்எஸ் அல்லது எஃப்எஸ்ஆர் இருந்தால் போடுங்கள். கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

அந்த எண் 40, 50 என்று இருந்தும் கேம் திக்கினால், கார்டை வேறு எதுவோ காக்க வைக்கிறது. என் அனுபவத்தில் முதல் சந்தேகம் ராம் மேல்தான். இரண்டு ராம் போட வேண்டிய இடத்தில் ஒன்றே ஒன்று இருக்கும். அல்லது இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டியிருப்பார்கள். நாலு ஸ்லாட் உள்ள போர்டுகளில் பெரும்பாலும் பிராசஸர் பக்கமிருந்து 2-வதிலும் 4-வதிலும்தான் மாட்ட வேண்டும். இன்னொன்று, 6000 வேகம் என்று அட்டையில் போட்டிருக்கும் ராம் தானாக அந்த வேகத்தில் ஓடாது. பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற ஒரு ஆப்ஷனை ஆன் செய்யும்வரை பல சமயம் 4800-லேயே ஓடிக்கொண்டிருக்கும். பயாஸ் பயமாக இருந்தால் கடைக்காரரிடமே கேளுங்கள், ஐந்து நிமிட வேலை.

எண் நன்றாக இருந்தும் திரை வழுக்கிக்கொண்டு ஓடவில்லையா? மானிட்டரைப் பாருங்கள். 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியும் விண்டோஸில் அது 60-லேயே கிடக்கும். செட்டிங்ஸ், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் மாற்ற வேண்டும். வேங்கிக்கால் வீட்டிலும் இதுதான் இரண்டாவது கண்டுபிடிப்பு.

முதல் பத்து நிமிடம் பிரமாதமாக ஓடி, அப்புறம் தடுமாறினால் அது சூடு. சித்திரையில் மலை இரவிலும் அனலடிக்கும் ஊர் இது. மொட்டை மாடிக்குக் கீழ் அறை, மூடிய கம்ப்யூட்டர் டேபிள், அதற்குள் சிபியு! பிராசஸர் 95, 100 டிகிரியைத் தொட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பெட்டியை வெளியே எடுத்து, சுவரில் இருந்து அரை அடி தள்ளி வையுங்கள். புது கூலரின் அடியில் உள்ள பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் மாட்டிவிடுவதும் உண்டு. லோ வோல்டேஜால் கேம் மெதுவாகிறது என்பது மட்டும் கட்டுக்கதை. நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்று சரியாக ஓடும், அல்லது நின்றுபோகும்.

லேப்டாப் வாங்குபவர்களுக்குத் தனியாக ஒன்று. சார்ஜர் இல்லாமல் ஆடினால் வேகம் குறையத்தான் செய்யும். அதைவிட முக்கியம், ‘ஆர்டிஎக்ஸ் 4060’ என்ற ஒரே பெயரில் லேப்டாப் கார்டு 35 வாட்டிலும் வருகிறது, 115 வாட்டிலும் வருகிறது. ஸ்டிக்கர் ஒன்றுதான், வேகம் வேறு. கடையில் எத்தனை வாட் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் அவசரப்பட்டு வாங்காதீர்கள்.

யூடியூப் பார்த்து ‘எஃப்பிஎஸ் பூஸ்டர்’ எதையும் இறக்கிவிட வேண்டாம். வங்கி பாஸ்வேர்டைத் திருடும் வைரஸ்கள் அந்த வேஷத்திலும் வரும்.

இத்தனையும் பார்த்த பிறகும் சரியாகவில்லை, அல்லது பில்லில் உள்ள பெயரும் திரையில் உள்ள பெயரும் ஒத்துப்போகவில்லை என்றால் அப்பா தாராளமாகக் கடைக்குப் போகலாம். பில், டாஸ்க் மேனேஜர் ஸ்கிரீன்ஷாட், கேம் ஓடும் ஒரு நிமிட வீடியோ மூன்றும் கையில் இருக்கட்டும். அங்கேயும் தட்டிக்கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.