கயிற்றை அவிழ்த்த கை

கி.பி. 949இல் நடந்த தக்கோலப் போரைத் தமிழக வரலாறு பயின்றோர் அனைவரும் அறிவர். சோழ இளவரசன் இராசாதித்தன் யானைமேல் இருந்தவாறே மாண்ட போர் அது. அப்போருக்கான முதன்மைச் சான்றுகளுள் ஒன்று, கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்திலுள்ள ஆதகூரில் கிடைத்த கல்வெட்டு. அந்தக் கல் இராசாதித்தனுக்காக நடப்பட்டதன்று. காளி என்னும் வேட்டைநாய்க்காக நடப்பட்டது. போரில் வீரம் காட்டிய மணலேரன், வேறு எதையும் கேளாமல் பரிசாக வேண்டிப் பெற்ற நாய் அது. பெருங்காட்டுப்பன்றி ஒன்றின்மேல் ஏவப்பட்டபோது பன்றியும் நாயும் ஒன்றையொன்று கொன்று மடிந்தன. நாய்க்குக் கல் நடப்பட்டது. அக்கல்லை வழிபடுவதற்கு நிலமும் விடப்பட்டது.

அக்கல்வெட்டில் அரசர்களின் பெயர் உண்டு. பரிசு பெற்றவனின் பெயர் உண்டு. நாயின் பெயரும் உண்டு. அந்நாயைக் குட்டியிலிருந்து பழக்கி, பன்றியின் தடம் அறிந்து, உரிய கணத்தில் கயிற்றை அவிழ்த்துவிட்ட மனிதனின் பெயர் மட்டும் இல்லை. ஆயிரத்து எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் இந்த வழக்கம் மாறவில்லை என்பதே கவலைக்குரியது. இந்தியா வேட்டைநாயைப் போற்றுகிறது. வேட்டைநாயின் உடைமையாளனை மறக்கிறது. மறக்க முடியாத இடத்தில் அவனைக் குற்றவாளியாக்குகிறது.

முதோள் நாயின் வரலாற்றை எடுத்துக்கொள்ளலாம். வட கர்நாடகத்தின் பாகல்கோட்டை மாவட்டத்திலுள்ள முதோளின் பெயரால் இன்று அறியப்படும் இந்நாய், தக்காணத்து ஊர்ப்புறங்களில் ‘கார்வானி’ என அழைக்கப்பட்டுவந்தது. முதோள் சமஸ்தானத்தின் அரசர் மாலோஜிராவ் கோர்படே இவ்வினத்தை மீட்டெடுத்தார் என்றும், ஓர் இணையை ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்குப் பரிசளித்தார் என்றும் இனப்பெருமை பேசுவோர் தவறாமல் கூறுவர். அதே கதையின் முதல் வரி, அப்பகுதி வேட்டைக் குடிகளிடம் இந்நாய்களைக் கண்டுதான் அரசருக்கு ஆர்வம் பிறந்தது என்பது. ஒருவரிடம் இருப்பதைக் கண்டு வியந்து எடுத்துக்கொள்வதற்கு ‘மீட்டெடுத்தல்’ என்று பெயர் சூட்டியவர்கள் எவரும், அது யாரிடமிருந்து மீட்கப்பட்டது என்று கேட்கவில்லை.

முதோளுக்கு அருகில்தான் ஹலகலி என்னும் ஊர் இருக்கிறது. 1857இல் ஆயுதங்களைப் பறிக்கும் சட்டத்தை ஆங்கில அரசு கொண்டுவந்தபோது அதற்கு அடங்க மறுத்து எழுந்தவர்கள் ஹலகலியின் பேடர்கள். பேடர் என்னும் பெயரே வேடர் என்பதன் கன்னட வடிவம். ஆயுதம் அவர்களுக்குப் பிழைப்பு, மானம் இரண்டும் ஆகும். எழுச்சி ஒடுக்கப்பட்டது, பலர் தூக்கிலிடப்பட்டனர். 1871இல் குற்றப் பழங்குடிகள் சட்டம் வந்தது. மராட்டியத்தில் ‘பேரட்’ என அறியப்படும் இம்மக்கள், பார்தி என்னும் வேட்டைக் குடியினரைப் போலவே, அங்கு இன்றும் ‘விமுக்த ஜாதி’ பட்டியலில் இருக்கின்றனர். விடுவிக்கப்பட்டவர் என்று அப்பெயருக்குப் பொருள். பிறப்பால் குற்றவாளிகள் என்று ஒரு காலத்தில் முத்திரையிடப்பட்டதன் எச்சம் அது. குற்றப் பழங்குடிகள் சட்டம் 1952இல் நாடு முழுவதும் நீங்கியது. காவல் நிலையத்தின் நினைவிலிருந்து அது நீங்கவில்லை.

நாயின் பயணம் வேறு திசையில் சென்றது. 2005இல் அஞ்சல் துறை முதோள், இராஜபாளையம், ராம்பூர், இமயமலை மேய்ப்பு நாய்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. முதோள் அருகே திம்மாபூரில் அரசு ஆய்வு மையம் எழுந்தது. மீரட்டிலுள்ள படைக் கால்நடைப் பிரிவு முதோள் குட்டிகளைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது. 2020இல் பிரதமர் தம் வானொலி உரையில் நாட்டு நாய்களை வளர்க்குமாறு மக்களைக் கேட்டுக்கொண்டார். கர்னாலில் உள்ள தேசிய மரபு வளப் பணியகம் முதோள், இராஜபாளையம், சிப்பிப்பாறை ஆகியவற்றைத் தனி இனங்களாகப் பதிவு செய்துள்ளது. இவை யாவும் வரவேற்கத்தக்கவை. ஆயினும் ஓர் இனம் தானாக உருவாவதில்லை. ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, நீண்ட கால், தொலைவில் அசையும் முயலைப் பற்றிக்கொள்ளும் பார்வை ஆகிய ஒவ்வொன்றும் தலைமுறை தலைமுறையாக யாரோ ஒருவர் செய்த தெரிவு. ஓட்டத்தில் தளர்ந்த நாயிடமிருந்து குட்டி எடுக்காமல் விட்டவர் அவர். பிடித்த இரையைத் தின்னாமல் காத்துநிற்கும் நாயைத் தேர்ந்தவர் அவர். முயல் திடீரெனத் திரும்பும்போது ஒரு நாய் கடந்து ஓடிவிடும், பின்னால் வரும் மற்றொன்று குறுக்கே வெட்டும் என்பதறிந்து இணையாக நாய்களைப் பழக்கியவர் அவர். இந்த அறிவு எந்தப் பதிவேட்டிலும் இல்லை. உயரமும் எடையும் நிறமும் இருக்கின்றன.

வேட்டையை எல்லாரிடமிருந்தும் சட்டம் ஒன்றுபோலவே விலக்கிவிட்டது, இதில் பாகுபாடு எங்கே என்று கேட்கலாம். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. உதகையில் ஆங்கில அதிகாரிகள் இங்கிலாந்து முறைப்படி நாய்க்கூட்டம் வளர்த்துக் குதிரையேறிக் குள்ளநரியைத் துரத்தினார்கள். அது விளையாட்டு எனப்பட்டது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், கண்ணி வைப்பதையும் வேட்டை என்றே வரையறுத்தது. ஆனால் உரிமம் பெற்று வேட்டையாடும் வாய்ப்பை 1991 திருத்தம் வரை விட்டுவைத்தது. உரிமம் யாருக்கு எளிதில் கிடைத்திருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. அதன் பின்னரும், பீகாரில் நீலகாயைத் தீங்குயிர் என அறிவித்தபோது, 2016இல் வெளியூர்த் துப்பாக்கிக்காரர்கள் அழைத்துவரப்பட்டு இருநூறுக்கும் மேற்பட்டவை சுடப்பட்டன. ஒரே கொலை, கையைப் பொறுத்து விளையாட்டு, மேலாண்மை, குற்றம் என மூன்று பெயர் பெறுகிறது.

இதனால் நாய் வேட்டையை மீண்டும் அனுமதிக்க வேண்டும் என்று பொருளில்லை. அனுமதிக்கக் கூடாது. புல்வெளிகள் சுருங்கிவிட்டன; வெளிமானும் கானமயிலும் நாய்களால் அழிகின்றன; 2018இல் கிர் காட்டில் சிங்கங்களைக் கொன்ற நோய்க்கிருமி நாய்களிடமும் காணப்படுவதே. ‘மரபு’ என்ற சொல்லைச் சொல்லி முயலைத் துரத்திக் காணொளி வெளியிடும் நகரத்து இளைஞர்களுக்கு இங்கு எந்த ஆதரவும் இல்லை. அவர்களுக்கு வேட்டை பிழைப்பன்று, பகட்டு.

கேள்வி கல்விப்புலத்தை நோக்கியது. ஜான் மெக்கன்சியின் 1988ஆம் ஆண்டு நூல் தொடங்கி, பேரரசும் வேட்டையும் குறித்த ஆய்வுகள் ஏராளம். அவற்றின் மையத்தில் பெரும்பாலும் புலியும் துப்பாக்கியும் துரையும் மகாராஜாவுமே இருக்கின்றனர். காரணம் எளிது: அவர்கள் எழுதிவைத்தனர். முயலும் நாயும் கொண்டு வாழ்ந்தவன் எழுதவில்லை. அவனிடம் கேட்டுத்தான் அறிய வேண்டும். இங்குதான் இடர் இருக்கிறது. ஒரு நெசவாளர் தன் தொழிலை விவரித்தால் அது வாய்மொழி வரலாறு. ஒரு வேடர் தன் தொழிலை விவரித்தால் அது ஒப்புதல் வாக்குமூலம். ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டதும் அவர் வாய் மூடிக்கொள்வது அறியாமையாலன்று, அனுபவத்தால்.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவு. 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டம் மரபறிவு உடையோருக்குப் பயனில் பங்கு வேண்டும் என்கிறது; மக்கள் பல்லுயிர்ப் பதிவேடுகளில் நாயினம் எழுதப்படும் இடத்தில் அதை ஆக்கிய குடியும் எழுதப்பட வேண்டும். அரசு மையங்கள் குட்டி வளர்ப்பிலும் பயிற்சியிலும் அக்குடிகளின் முதியோரை ஆசிரியர்களாக அமர்த்த வேண்டும். உயிரற்ற பொருளை இழுத்து நாய்களை ஓடவிடும் முறை உலகில் இருக்கிறது. ஓட்டத்தைக் காக்க முயலைக் கொல்ல வேண்டியதில்லை. பல்கலைக்கழக அறநெறிக் குழுக்கள், பழைய வேட்டை நினைவுகளைப் பதிவு செய்யும்போது சொல்பவரின் பெயரும் ஊரும் வெளிப்படாமல் காக்கும் நெறிகளை வகுக்க வேண்டும்.

அவ்வேட்டையை நேரில் அறிந்த தலைமுறை முதுமையில் இருக்கிறது. இன்னும் சில ஆண்டுகளில் கேட்பதற்கு எவரும் இருக்கமாட்டார். அதன்பின் கண்காட்சி மேடையில் பளபளக்கும் நாயும், அதன் கழுத்தில் பதக்கமும், பக்கத்தில் உரிமையாளரின் பெயர்ப்பலகையும் இருக்கும். ஆதகூர்க் கல்லில் இல்லாத அந்தப் பெயர் அங்கும் இருக்காது.