பழி டர்போ மீது! ஓட்டை குழாயில்!

கார் மேட்டில் ஏறத் திணறுகிறது. எவ்வளவு மிதித்தாலும் வேகம் இல்லை. சைலன்சர் கரும்புகையைக் கக்குகிறது.

"டர்போ போய்விட்டது. மாற்ற வேண்டும்" என்கிறார் மெக்கானிக்.

பல ஆயிரம் ரூபாய் செலவு! வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் குடும்பம் என்றால், அது பிள்ளையின் பள்ளிக்கூடப் பணம்.

டர்போ உண்மையிலேயே போய்விட்டதா? இந்தக் கேள்வியைக் கேட்காமல் பணத்தை எடுத்துக் கொடுக்கக்கூடாது.

டர்போவின் வேலை என்ன?

என்ஜினில் இருந்து வெளியேறும் புகை, ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் உண்டு. அது வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, என்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் அதிக டீசலை எரிக்கலாம். சக்தியும் கூடும்.

சுவிட்சர்லாந்து என்ஜினீயர் ஆல்பிரட் பியூகி, 1905-ம் ஆண்டிலேயே இந்த முறைக்குக் காப்புரிமை கேட்டு மனுச் செய்தார். இன்றைய கார்களில் இந்தச் சக்கரம் நிமிடத்துக்கு 1 லட்சம் தடவைக்கு மேல் சுழல்கிறது.

காற்று எங்கே போகிறது?

வாளியில் ஓட்டை இருந்தால் கிணற்றைக் குறை சொல்வார்களா? டர்போ அனுப்பும் காற்று, ரப்பர் குழாய்கள் வழியாக என்ஜினுக்குப் போகிறது. குழாயில் விரிசல் இருந்தாலும், கிளாம்ப் தளர்ந்தாலும் காற்று வெளியேறிவிடும். டீசல் எரியக் காற்று போதாது. அதனால்தான் கரும்புகை!

விரிசல் உள்ள இடத்தில் எண்ணெய்க் கசிவு தெரியலாம். மேடு ஏறும்போது 'உஸ்' என்று சத்தம் கேட்கலாம். என்ஜினை நிறுத்திவிட்டு, குழாய்க்குள் அளவாகக் காற்றைச் செலுத்தி, வெளியே சோப்பு நீரைத் தடவினால், ஓட்டையில் நுரை பொங்கும்.

காற்று வடிகட்டி தூசியால் அடைத்திருக்கலாம். டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய ரப்பர் டியூப் அறுந்திருக்கலாம். சென்சார் வயர் கழன்றிருக்கலாம். இவை எல்லாம் சின்னச் செலவு.

கம்ப்யூட்டரில் பார்த்தால் போதாதா? போதாது. அழுத்தம் குறைவு என்றுதான் அது சொல்லும். காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டியவர் மனிதர்.

டர்போவைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும். என்ஜின் ஆறிய பிறகு தண்டை அசைத்தால், சக்கரத்தின் இதழ்கள் சுற்றுச்சுவரில் உரசுகிறதா? உரசினால் மாற்றத்தான் வேண்டும். அப்போதும், அது ஏன் கெட்டது என்று பார்க்க வேண்டும். எண்ணெய் வரும் குழாய் அடைத்திருந்தால், புது டர்போவும் அதே கதிதான்.

குற்றம் யாருடையது?

மெக்கானிக்கை மட்டும் குறை சொல்வது நியாயம் அல்ல. ஒரு மணி நேரம் குனிந்து சோதித்ததற்குக் கூலி கேட்டால், "சும்மா பார்த்ததற்குப் பணமா?" என்கிறார்கள் கார்க்காரர்கள். புதுச் சாமான் போட்டால் மட்டும் பேசாமல் கொடுக்கிறார்கள். பிறகு, மெக்கானிக் சாமானை மாற்றத்தானே பார்ப்பார்?

சோதனைக்குக் கூலி கொடுக்க வேண்டும். கோளாறைக் கண்ணால் காட்டச் சொல்ல வேண்டும். சோதனைக்குக் கொடுக்கும் சில நூறு ரூபாய், பல ஆயிரத்தைக் காப்பாற்றும்!