ஆபீஸ் இன்சூரன்ஸ் இருக்கே, அது போதாதா? எந்த பாலிசி எதுக்கு?

தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி கிடையாது. அதுவரை 18% இருந்தது. அதைச் சொல்லியே "வரி போச்சு, இப்பவே போட்டுடுங்க சார்" என்று ஏஜென்ட்கள் விற்கிறார்கள். வரி போனது உண்மை. ஆனால் 118 ரூபாய் கட்டியவருக்கு அது 100 ஆகும்போது, மிச்சம் சுமார் 15% தான். நிறுவனங்கள் அடிப்படை பிரீமியத்தை ஏற்றினால் அதுவும் குறையும். ஆபீஸ் எடுத்துத் தரும் குரூப் பாலிசிக்கு இந்தச் சலுகை இல்லை.

எதை எடுப்பது என்ற கேள்விக்கு வரி விலக்கு பதில் சொல்லாது.

டேர்மா, எண்டோவ்மென்ட்டா?

டேர்ம் பாலிசியில் பாலிசிதாரர் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் வரும். இறக்காவிட்டால் எதுவும் திரும்ப வராது. "கட்டின காசு வேஸ்ட்டா?" என்று இந்த இடத்தில்தான் பலரும் பின்வாங்குகிறார்கள். எண்டோவ்மென்ட்டில் முதிர்வுத் தொகை உண்டு. ஆனால் ஆண்டுக்கு 50,000 ரூபாய் கட்டும் 20 வருட பாலிசியில் கவரேஜ் சுமார் 10 லட்சம்தான். வீட்டுக்கடனே 40 லட்சம் இருக்கும் குடும்பத்துக்கு அது எந்த மூலைக்கு? புகைபிடிக்காத 30 வயதுக்காரர் அதைவிட மிகக் குறைந்த பிரீமியத்தில் ஒரு கோடிக்கு டேர்ம் எடுக்கலாம். யூலிப் என்பது இன்சூரன்ஸ் சட்டை போட்ட பங்குச்சந்தை முதலீடு. அதை முதலீடாகவே எடைபோடுவது நல்லது.

"எப்பவாவது ஒன்னு ரெண்டு சிகரெட்தானே" என்று விண்ணப்பத்தில் மறைப்பது ஆபத்து. பாலிசி தொடங்கி 3 ஆண்டுகள் வரை, மறைத்ததைக் காட்டி கிளெய்மை மறுக்க சட்டத்தில் இடமுண்டு.

ஆபீஸ் பாலிசியில் என்ன சிக்கல்?

வேலையில் இருக்கும்வரை நல்ல விஷயம்தான். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே கவர் கிடைக்கும். வேலையை விட்டால், அல்லது வேலை போனால், கவரும் போய்விடும். அப்போது 38 வயதில் சுகரோடு புது பாலிசி கேட்டுப் போனால், அந்த நோய்க்கு அதிகபட்சம் 3 ஆண்டுகள் வரை காத்திருக்கச் சொல்வார்கள். 2024 வரை இது 4 ஆண்டுகளாக இருந்தது. உடம்பு நன்றாக இருக்கும்போதே சொந்தமாக ஒரு பாலிசி தொடங்கிவிட்டால், இந்தக் காத்திருப்பு சத்தமில்லாமல் ஓடி முடிந்துவிடும்.

கவர் தொகையை மட்டும் பார்ப்பவர்கள் கவனிக்காமல் விடுவது ரூம் வாடகை வரம்பு. 5 லட்சம் பாலிசியில் வரம்பு 1% என்றால் நாளுக்கு 5,000. 10,000 ரூபாய் ரூமில் தங்கினால், கூடுதல் வாடகையை மட்டும் கட்டினால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பல பாலிசிகளில் டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் கட்டணமும் அதே விகிதத்தில் பாதியாக வெட்டப்படும். பில் 3 லட்சம், அதில் மருந்து போன்றவை 1 லட்சம் என்று வைத்துக்கொண்டால், மீதி 2 லட்சத்தில் 1 லட்சம் கைக்காசு. டிஸ்சார்ஜ் கவுன்ட்டரில்தான் இது தெரியவரும். ரூம் வரம்பே இல்லாத பாலிசிகளும் இருக்கின்றன, பிரீமியம் கொஞ்சம் கூடும்.

விபத்து, தீவிர நோய்

விபத்தில் உயிர் பிழைத்து, கை கால் இழந்து சம்பளம் நின்றுபோனால் சாதாரண டேர்ம் பாலிசி பணம் தராது. அங்கேதான் தனிநபர் விபத்துக் காப்பீடு உதவும். பைக் இன்சூரன்ஸோடு உரிமையாளருக்கு 15 லட்சம் விபத்து கவர் கட்டாயம் என்பது பைக் வைத்திருக்கும் பலருக்கே தெரியாது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியிருந்தால் அது கிடைக்காது. பிரதமர் சுரக்ஷா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்து கவர் உண்டு, வங்கிக் கணக்கு இருந்தால் போதும். கிரிட்டிக்கல் இல்னெஸ் பாலிசி, கேன்சர், மாரடைப்பு போன்ற பட்டியலிட்ட நோய்கள் உறுதியானால் மொத்தமாக ஒரு தொகை தரும். முதல் இரண்டையும் முடித்தபிறகு யோசிக்கலாம்.

தவறான பாலிசியை எடுத்துவிட்டால், அது கைக்கு வந்த 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். கிளெய்ம் மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்திடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் தர வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, காப்பீட்டு ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை விசாரிப்பார்கள். சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை.