சின்னக் கப்பலில் முதல் பயணம்: பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

ஜார்ஜ்டவுன் மணிக்கூண்டுப் பக்கம் போகிறவர்களுக்கு ஸ்வெட்டன்ஹாம் பியரில் நிற்கும் சொகுசுக் கப்பல்கள் பழகிப்போன காட்சி. பதினைந்து மாடிக் கட்டடம் ஒன்று கடலில் மிதந்து வந்தது போல நிற்கும். அதே துறைமுகத்துக்குச் சில பருவங்களில் பாய்மரம் விரித்த சின்னக் கப்பலும் வந்து போகும். அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, ‘இதில் ஒரு முறை போக வேண்டும்’ என்று சொல்பவர்கள் நம்மில் பலர்.

கப்பல் பயணம் பினாங்குத் தமிழர்களுக்குப் புதிதல்ல. 1926இல் கட்டப்பட்ட ‘ராஜுலா’, ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. நம் தாத்தா பாட்டிகளில் பலர் அதன் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்கள். அவர்களுக்குக் கப்பல் என்பது ஊர் போய்ச் சேரும் வழி. இன்று நாம் காசு கொடுத்துப் போவது கப்பலில் இருப்பதற்காகவே. அதனால், எந்தக் கப்பலில் இருக்கப் போகிறோம் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது முக்கியம்.

இந்த வாரம் சின்னக் கப்பல்களைப் பற்றிப் பார்ப்போம். உதாரணத்துக்கு நம் கடல் பக்கம் வந்து போயிருக்கும் ‘ஸ்டார் கிளிப்பர்’ என்ற பாய்மரக் கப்பலையே எடுத்துக்கொள்கிறேன்.

166 பேரும் 4,000 பேரும்

‘ஸ்டார் கிளிப்பர்ஸ்’ நிறுவனத்தைத் தொடங்கியவர் மிக்கேல் கிராஃப்ட் என்ற சுவீடன்காரர். 1991இல் ‘ஸ்டார் ஃப்ளையர்’, 1992இல் ‘ஸ்டார் கிளிப்பர்’ என இரட்டைக் கப்பல்கள் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் கட்டப்பட்டன. நான்கு பாய்மரங்கள், 16 பாய்கள், ஏறக்குறைய 115 மீட்டர் நீளம், 166 பயணிகள். சிங்கப்பூரிலிருந்து ஓடிய ‘ஸ்பெக்ட்ரம் ஆஃப் தி சீஸ்’ கப்பலின் நீளம் 347 மீட்டர். பயணிகள் 4,000க்கும் மேல்.

இந்த வித்தியாசத்தை ‘பெரிய ஓட்டல், சின்ன ஓட்டல்’ என்று நினைத்துக்கொண்டு பணம் கட்டுபவர்கள்தான் பிறகு வருத்தப்படுகிறார்கள். பெரிய கப்பலில் நீர்ச்சறுக்கு, சினிமா, கடைத்தெரு, பிள்ளைகளுக்குத் தனிக் கூடம், பத்துக்கும் மேற்பட்ட உணவகங்கள் எல்லாம் உண்டு. கடலைப் பார்க்காமலே மூன்று நாள் ஓட்டிவிடலாம். சின்னப் பாய்மரக் கப்பலில் இவை எதுவும் இல்லை. இரண்டு சிறிய நீச்சல் குளங்கள், ஓர் உணவுக்கூடம், ஒரு நூலகம், மரத்தாலான மேல்தளம், சுற்றிலும் கடல். அவ்வளவுதான்.

அதற்குப் பதிலாக வேறு சில உண்டு. கப்பலின் மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் மரத்துக்குக் கீழே வலை கட்டியிருப்பார்கள். அதில் படுத்தால் நேர் கீழே கடல் ஓடும். கடல் அமைதியாக இருந்தால், இடுப்பில் பாதுகாப்புக் கயிறு கட்டிக்கொண்டு பாய்மரத்தில் ஏற விடுவார்கள். பாய் விரிக்கும்போது நீங்களும் கயிறு பிடித்து இழுக்கலாம். கப்பல் ஓட்டும் இடத்துக்கே போய்க் கேப்டனிடம் பேசலாம். பெரிய கப்பல் நுழைய முடியாத சின்னத் தீவுக் கரைகளுக்கு அருகிலும் இது போய் நங்கூரம் போடும்.

எது உங்கள் குடும்பத்துக்கு ஏற்றது என்பதை விலையை வைத்து முடிவு செய்ய முடியாது. யார் யார் வருகிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அம்மாவின் மூட்டுவலியை முதலில் நினையுங்கள்

பெற்றோரின் அறுபதாம் கல்யாணத்துக்குக் கப்பல் பயணம் பரிசளிக்கும் பிள்ளைகள் இப்போது பெருகிவிட்டார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் ஸ்டார் கிளிப்பரில் மின்தூக்கி கிடையாது. எந்தத் தளத்துக்குப் போவதானாலும் படிகள்தான். சக்கர நாற்காலிக்கு அது ஏற்ற கப்பல் அல்ல. பாய்மரக் கப்பல்களில் பெரும்பாலானவற்றுக்கு இது பொருந்தும்.

அடுத்தது, கரை இறங்கும் விதம். ஸ்வெட்டன்ஹாம் பியரில் கப்பல் துறையோடு ஒட்டி நிற்கும். இறங்கி நடந்தால் கார்ன்வாலிஸ் கோட்டை. இன்னும் கொஞ்சம் நடந்தால் லிட்டில் இந்தியா, 1833இல் எழுந்த குவீன் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயில். தீவுகளில் அப்படி இல்லை. கப்பல் கடலிலேயே நிற்கும். அங்கிருந்து சிறு படகில் மாறி ஏறிக் கரைக்குப் போக வேண்டும். சில கடற்கரைகளில் படகிலிருந்து கணுக்கால் அளவு, சில சமயம் முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டும். ஆடும் படகில் கால் மாற்றி வைக்க முடியாதவர்கள், மற்றவர்கள் தீவுக்குப் போய் வரும்வரை கப்பலிலேயே உட்கார்ந்திருக்க நேரிடும். சேலை கட்டும் அம்மாவுக்கு இந்தப் பயணத்தில் சுடிதாரும் பிடிப்புள்ள ரப்பர் செருப்பும்தான் வசதி.

மருத்துவ உதவியையும் கேட்டுவிடுங்கள். பெரிய கப்பலில் மருத்துவர்களும் சிறு மருத்துவமனையும் இருக்கும். சின்னக் கப்பலில் மருத்துவர் இருக்கிறாரா, தாதி மட்டும்தானா என்பதைக் குறிப்பாகக் கேளுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளைப் பயண நாட்களுக்கு மேல் ஒரு வாரம் சேர்த்து, மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். இன்சுலின் எடுப்பவர் என்றால் அறையில் குளிர்பெட்டி உண்டா என்று எழுதிக் கேளுங்கள். பயணக் காப்புறுதி எடுக்கும்போது, கடலிலிருந்து நோயாளியைக் கரைக்குக் கொண்டுபோகும் செலவு அதில் அடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நூறு வெள்ளி மிச்சப்படுத்த நினைத்து இதை விட்டுவிடாதீர்கள்.

சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பமும் யோசிக்க வேண்டும். பாய்மரக் கப்பலில் பிள்ளைகளுக்கென்று தனிக் கூடமோ பார்த்துக்கொள்ள ஆளோ இருக்காது. கயிறும் படியுமாக இருக்கும் மேல்தளத்தில் ஐந்து வயதுப் பிள்ளையின் பின்னாலேயே ஓட வேண்டியிருக்கும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் நீச்சல் தெரிந்த பிள்ளைக்கு அதே மேல்தளம் சொர்க்கம்.

எந்த மாதம், எந்த அறை

நமக்கு வடக்கே அந்தமான் கடலில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை அலை குறைவு. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. தாய்லாந்தின் சிமிலான் தீவுகளையே அந்த மாதங்களில் மூடிவிடுவார்கள். சின்னக் கப்பல்கள் நம் பக்கம் வருவதும் அமைதியான மாதங்களில்தான். மற்ற காலத்தில் அவை ஐரோப்பா, கரீபியன் என்று போய்விடும். எல்லா ஆண்டும் இங்கே வரும் என்றும் இல்லை. அந்தந்த ஆண்டின் அட்டவணையைப் பார்த்துத்தான் விடுப்பு எழுத வேண்டும்.

கப்பல் சிறிதென்றால் ஆட்டம் கூடுதலாகவே தெரியும். ஆட்டத்தைக் குறைக்கத் தண்ணீர்த் தொட்டிகள் முதலிய ஏற்பாடுகள் உண்டு என்றாலும் ஒரேயடியாக நின்றுவிடாது. பேருந்தில் கேமரன் மலை ஏறும்போது தலை சுற்றுபவர்கள், கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள். அங்கேதான் ஆட்டம் குறைவு. மாத்திரையைத் தலை சுற்றிய பிறகு போட்டுப் பயன் குறைவு. கப்பல் புறப்படும் முன்பே போட வேண்டும். எந்த மாத்திரை என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். வேறு மருந்து எடுப்பவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

அறை என்றதும் ஓட்டல் அறையைக் கற்பனை செய்யாதீர்கள். ஸ்டார் கிளிப்பரில் பெரும்பாலான அறைகள் ஏறக்குறைய 120 சதுர அடி. அதாவது பேரங்காடியில் ஒரு கார் நிறுத்தும் கட்டம் அளவு. பெரிய பெட்டியைத் திறந்து வைக்கவே இடம் போதாது. மடித்து வைக்கக்கூடிய துணிப்பைதான் நல்லது.

பினாங்குக்கு வரும் கப்பல், பினாங்கில் ஏற்றுமா?

இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பயண வரைபடத்தில் பினாங்கு என்று போட்டிருந்தால் இங்கேயே ஏறலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். ஸ்டார் கிளிப்பரின் அந்தமான் கடல் பயணங்கள் வழக்கமாகப் புக்கெட்டில் தொடங்கி, பினாங்கையும் லங்காவியையும் தொட்டுவிட்டுப் புக்கெட்டுக்கே திரும்பின. பினாங்குக்காரர் அதில் ஏற வேண்டுமென்றால் புக்கெட் போக வேண்டும். ஒரு நாள் முன்னதாகவே போய்விடுங்கள். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது.

புக்கெட்டில் நேரம் நம்மைவிட ஒரு மணி பின்னால். எல்லை தாண்டும்போது கைபேசி தானாக நேரத்தை மாற்றிக்கொள்ளும். கப்பலின் நேரம் அதோடு ஒத்துப்போக வேண்டியதில்லை. கரை இறங்கும் நாட்களில் கப்பலில் அறிவிக்கும் நேரத்தைக் கைக்கடிகாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடலில் கைபேசியை விமானப் பயண நிலையில் வைத்துவிடுங்கள். கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பில் தானாகச் சேர்ந்தால் கட்டணம் தாறுமாறாக ஏறும். ‘மடிக்கணினியைக் கொண்டுபோய் அங்கிருந்தே வேலை பார்க்கிறேன்’ என்று முதலாளியிடம் வாக்குக் கொடுக்காதீர்கள்.

கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். குடும்பத்தில் எல்லாருக்கும் ஒரே கடப்பிதழ் என்றும் நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டிலிருந்து வந்த மருமகளுக்கும், சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் பாட்டிக்கும் விதிகள் வேறு. அவர்களிடம் என்ன பயண ஆவணம் இருக்கிறது, அதற்குத் தாய்லாந்து விசா வேண்டுமா, மலேசியாவுக்குத் திரும்பி வர அனுமதி சரியாக இருக்கிறதா என்பதைப் பணம் கட்டும் முன்பே குடிநுழைவுத் துறையிடம் விசாரித்துவிடுங்கள். ஏஜெண்டு ‘பிரச்சினை இல்லை’ என்று வாயால் சொல்வது போதாது. துறைமுகத்தில் நிறுத்தப்படப் போவது பாட்டி, ஏஜெண்டு அல்ல.

இளைஞர்களுக்கு இன்னொன்று: தாய்லாந்துக்குள் வேப் கொண்டுபோவது குற்றம். அங்கே கடையில் விற்கும் கஞ்சா கலந்த மிட்டாயும் எண்ணெயும் மலேசியாவுக்குள் வந்தால் அதைவிடப் பெரிய குற்றம். கப்பல் வழியாக வந்தாலும் சட்டம் ஒன்றுதான்.

சாப்பாடும் பில்லும்

சின்னக் கப்பலில் ஒரே அடுப்படி. சைவ உணவு இருக்கும். ஆனால் அது பெரும்பாலும் ஐரோப்பியச் சைவம், முட்டையும் பாலாடைக்கட்டியும் சேர்ந்தது. முட்டை கூடாது, மாட்டிறைச்சி சமைத்த பாத்திரம் கூடாது என்பவர்கள் பல வாரம் முன்பே எழுதித் தெரிவித்து, எழுத்தில் பதில் வாங்க வேண்டும். அமைதியான கடல் மாதங்களில்தான் தைப்பூச விரதமும் வரும். விரதம் இருக்கும் வீட்டார் தேதியைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். முறுக்கு, மிக்சர், ஊறுகாய் கொண்டுபோகலாமா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

கப்பல் சிறியது என்பதால் கட்டணம் குறையாது. மாலுமிகள், எரிபொருள், துறைமுகச் செலவு அனைத்தையும் 166 பேர் பகிர்ந்துகொள்ள வேண்டும். அதோடு துறைமுகக் கட்டணம், பானங்கள், கரைச் சுற்றுலா, பணியாளர்களுக்கான அன்பளிப்பு ஆகியவை தனி. ஸ்டார் கிளிப்பரில் கப்பலுக்குள் கணக்கு யூரோவில். இரண்டு யூரோதானே என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டே போனால், கடைசி நாள் பில்லை வெள்ளியில் பெருக்கிப் பார்க்கும்போது தெரியும்.

ஏறியதும் செய்ய வேண்டியது

பெட்டியை வைத்ததும் படம் எடுக்கக் கிளம்பாதீர்கள். முதலில் நடப்பது உயிர்காப்புப் பயிற்சி. 2012 ஜனவரியில் இத்தாலிக்கு அருகே ‘கோஸ்டா கான்கார்டியா’ கவிழ்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறிய பல நூறு பயணிகளுக்கு அந்தப் பயிற்சி அதுவரை நடந்திருக்கவில்லை. 2015 முதல், பயணிகள் ஏறியதும் கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடத்த வேண்டும் என்பது உலக விதி. உங்கள் மிதவைச் சட்டை எங்கே, எந்த இடத்தில் கூட வேண்டும், இருட்டில் அறையிலிருந்து அங்கே போக எத்தனை படிகள் என்பதைப் பிள்ளைகளோடு நடந்தே பார்த்துவிடுங்கள்.

பணம் கட்டும் முன் ஏஜெண்டிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை இவை:

1. எந்தத் துறைமுகத்தில் ஏறுவது, எங்கே இறங்குவது?
2. மின்தூக்கி உண்டா? எத்தனை இடங்களில் சிறு படகில் கரை போக வேண்டும்?
3. மருத்துவர் உண்டா?
4. எங்கள் வீட்டு உணவு முறைக்கு என்ன ஏற்பாடு?
5. கட்டணத்தில் அடங்காதவை எவை, எந்த நாணயத்தில்?
6. வானிலையால் ஒரு தீவு விட்டுப்போனாலோ, நாங்கள் ரத்து செய்தாலோ எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?

ஆறுக்கும் பதில் வந்த பிறகு, அதைப் பெற்றோர் முன் படித்துக் காட்டுங்கள். ‘படி ஏற என்னால் முடியாது, நீங்கள் போய் வாருங்கள்’ என்று அம்மா சொன்னால், அம்மாவை விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை. இந்த ஆண்டு அவரோடு பெரிய கப்பலில் போகலாம். பாய்மரத்தை உங்கள் இருவருக்காக அடுத்த ஆண்டுக்கு எடுத்து வையுங்கள்.