மலைக்காரனுக்குக் கடலோரக் காவல்படை எதுக்கு?

"நீ ஜவ்வாது மலைக்காரன், உனக்கு எதுக்குடா கடலைப் பத்தின கவலை?" என்று ஹாஸ்டலில் நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். நான் கடலைப் பார்த்ததே பன்னிரண்டாவது முடித்த பிறகு, மெரினாவில். இருந்தாலும் எழுத ஒரு காரணம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

பி.காம். மாணவன் என்பதால் பணத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன் :) 1960, 70களில் தங்கமும் வெளிநாட்டு வாட்சுகளும் கடல் வழியாகக் கள்ளத்தனமாக வந்து இறங்கின. அரசுக்குச் சுங்க வரி பெருமளவு நஷ்டம். கப்பற்படை போருக்கானது, கடத்தல் படகைத் துரத்துவது அதன் வேலை அல்ல. சுங்கத்துறையிடமோ போதிய படகுகள் இல்லை. அதனால் 1974-ல் கே.எஃப்.ருஸ்தம்ஜி தலைமையில் ஒரு குழு போட்டார்கள். தனிப்படை வேண்டும் என்று அடுத்த வருடமே அந்தக் குழு சொல்லிவிட்டது. 1976-ல் வந்த சட்டம் கரையிலிருந்து 200 கடல் மைல் வரை நமது பொருளாதார மண்டலம் என்றது. சுமார் 20 லட்சம் சதுர கிலோமீட்டர்! 1977 பிப்ரவரி 1-ல் ஏழே ஏழு கலங்களோடு படை தொடங்கியது. கப்பற்படை தந்த இரண்டு பழைய போர்க்கப்பல்கள், ஐந்து ரோந்துப் படகுகள், அவ்வளவுதான். 1978 ஆகஸ்டில் அதற்கென்று தனிச்சட்டம் வந்தது.

அந்தச் சட்டத்தின் 14-வது பிரிவு படையின் கடமைகளை வரிசையாகச் சொல்கிறது. முதலாவது, கடலில் உள்ள எண்ணெய்க் கிணறு போன்ற அமைப்புகளின் பாதுகாப்பு. இரண்டாவது, மீனவர்களுக்குப் பாதுகாப்பும் ஆபத்தில் உதவியும். கடத்தல் தடுப்பு நான்காவதாகத்தான் வருகிறது. வரி நஷ்டத்தால் பிறந்த படைக்குச் சட்டம் மீனவனை முன்னால் வைத்திருக்கிறது.

படை சாதிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1999-ல் கொள்ளையர் கடத்திய 'அலோண்ட்ரா ரெயின்போ' என்ற ஜப்பானியக் கப்பலைக் கப்பற்படையோடு சேர்ந்து மடக்கியது. 2023-ல் மன்னார் வளைகுடாவில் 32 கிலோவுக்கு மேல் தங்கம் பிடிபட்டதிலும் அதற்குப் பங்கு உண்டு.

ஆனால் 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது என்ன நடந்தது? கன்னியாகுமரி மீனவர்கள் ஆழ்கடலில் சிக்கினார்கள். கடலோரக் காவல்படையும் கப்பற்படையும் பலரை மீட்டன, மறுக்கவில்லை. ஆனால் "எங்க ஆளுங்க இருக்கிற தூரத்துக்குப் போய்த் தேடலையே" என்று குடும்பங்கள் கதறின. குழித்துறையில் ரயில் மறியலே நடந்தது. மீனவர்கள் சொந்தப் படகுகளில் தேடப் போனார்கள். அதற்குப் பிறகுதான் மீனவர்களையும் தேடும் கப்பல்களில் ஏற்றிக்கொண்டார்கள்.

இப்போது என் காரணம். நான் சின்னப் பையனாக இருந்தபோது, தேன் எடுக்கப் போன என் பெரியப்பா ஒரு ராத்திரி திரும்பவில்லை. தேட வந்த வெளியூர் ஆட்கள் டார்ச் லைட்டோடு ரோட்டோரமாகவே தேடினார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, காடு தெரியாது. எந்தப் பாறையில் தேன்கூடு இருக்கும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். விடியற்காலையில் அவர்கள்தான் கால் உடைந்து கிடந்தவரைத் தூக்கி வந்தார்கள். ஒக்கி செய்திகளைப் படித்தபோது எனக்கு அந்த ராத்திரிதான் ஞாபகம் வந்தது.

என்னைப் பொறுத்தவரை, கடலில் யாரைத் தேடினாலும் முதல் நாளே அந்த ஊர் மீனவர்களைக் கப்பலில் ஏற்ற வேண்டும். கெஞ்சிய பிறகு அல்ல, விதியாகவே. எந்தப் படகு எந்தத் திசையில் போனது என்ற விவரம் துறைமுகத்திலும் படையிடமும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். மீனவ இளைஞர்கள் இந்தப் படையில் சேரத் தமிழக அரசு பயிற்சி தருவது நல்ல விஷயம். இன்னும் நிறைய பேர் சேர வேண்டும். 2024-ல் இஸ்ரோ தந்த புதிய ஆபத்து அறிவிப்புக் கருவியில் "உங்கள் செய்தி கிடைத்தது" என்று கரையிலிருந்து பதிலும் வருகிறது. ஆனால் கருவி இடத்தைத்தான் காட்டும். அந்த இடத்தின் நீரோட்டம் மீனவனுக்குத்தான் தெரியும்.

கடற்கரை நண்பர்களே, ஆபத்தென்றால் கடலோரக் காவல்படையின் எண் 1554. வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.