புகையும் நெருப்பும்

மலைமேல் எரியும் நெருப்பைக் கண்ணாற் காண்பது காண்டல் அளவை. புகையை மட்டும் கண்டு, அங்கே நெருப்புண்டு எனத் துணிவது கருதல் அளவை. அளவை நூலார் வகுத்த இவ்வேறுபாடு, எஃப்.எம்.ஆர்.ஐ. என்னும் மூளைப் படங்களைக் காணுந்தோறும் என் நினைவிற்கு வருகிறது.

ஒருவர் ஓர் ஓவியத்தைப் பார்க்கிறார். அவரது மூளையின் பின்பகுதி செந்நிறமாய் ஒளிர்வதாகப் படம் காட்டுகிறது. 'பார்வை நிகழுமிடத்தைக் கண்டுவிட்டோம்' என மகிழ்கிறோம். உண்மையில் அக்கருவி நரம்பணுவின் மின்துடிப்பைக் காண்பதில்லை, குருதியையே காண்கிறது. ஆக்சிஜன் ஏற்ற குருதிக்கும் அதனை இழந்த குருதிக்கும் காந்தப் பண்பு வேறு. இதனைக் கொண்டு மூளையின் செயலை அறியலாம் என 1990இல் செய்ஜி ஒகாவா காட்டினார். ஆயின், மின்துடிப்போ நொடியின் ஆயிரத்தில் ஓரிரு பங்கில் முடிந்துவிடும்; குருதிக் குறிப்பு உச்சமடைய 5 அல்லது 6 நொடிகள் ஆகும். செந்நிறமும் கணிப்பொறி தீட்டியதே.

அவ்வாறாயின் இப்படங்கள் பொய்யோ? அன்று. 2001இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் லோகோதெட்டிஸ் குழுவினர், குரங்கின் பார்வைப் புறணியில் குருதிக் குறிப்பையும் நரம்புச் செயலையும் ஒருங்கே அளந்தனர். இரண்டும் தொடர்புடையன என்பது உறுதியாயிற்று. எனினும், அணுக்கள் வெளியே அனுப்பும் துடிப்பைக் காட்டிலும், அவற்றிற்கு வந்துசேரும் செய்திகளையும் உள்ளூர்ச் செயற்பாட்டையும் உணர்த்தும் மின்னலைகளோடே குருதிக் குறிப்பு மிகுதியும் பொருந்தியது.

பிந்தைய ஆய்வுகள் மேலும் எச்சரித்தன. 2008இல் வெளியான குரங்காய்வொன்றில், கண்முன் இருந்த உருவம் உணர்வுக்குப் புலப்படாதவாறு மறைக்கப்பட்டபோது குருதிக் குறிப்பு தாழ்ந்தது. நரம்புத் துடிப்போ பெரிதும் மாறவில்லை. 2009இல் வெளியான மற்றொன்றில், இருளில் பணியை எதிர்நோக்கியிருந்த குரங்கின் பார்வைப் புறணியில், அவ்விடத்து நரம்புத் துடிப்பால் விளக்கவியலாதவாறு குருதி பெருகியது. முன்னது புகையில்லா நெருப்பு. பின்னது நெருப்பில்லாப் புகை.

இஃது ஆய்வுக்கூடத்துச் சிக்கல் மட்டுமன்று. 2010இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவர், தாம் பொய்யுரைக்கவில்லை என்பதற்கு மூளைப் படத்தைச் சான்றாகக் கொணர்ந்தார். நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. அது நல்ல தீர்ப்பு என்பேன். கட்டியை அகற்றுமுன் காக்கவேண்டிய இடங்களை அறிய மருத்துவர்க்கு இப்படம் உதவுகிறது, அதனைப் போற்றுவோம். ஆனால் ஒரு மனிதரின் வாய்மையையோ அறிவையோ நிறப்புள்ளிகளால் எடைபோடுவது தகாது.

மாணவச் செல்வங்களே! புகையைப் புறக்கணியாதீர், ஆயினும் அதனையே நெருப்பென்று சாதிக்கவும் துணியாதீர்.