சிருஷ்டிக் கதைக்கு விஞ்ஞானப் பட்டமா?

அமெரிக்காவில் டெக்சாஸ் மாகாணத்தில் நடந்த ஒரு வழக்கை நமது வாசகர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டுமென்று கருதுகிறோம். கடவுள் ஆறு நாளில் உலகத்தைப் படைத்தார், அது ஏற்பட்டுச் சில ஆயிரம் வருஷமே ஆகிறது என்று சொல்லுவதற்காக 1970ல் ஏற்பட்ட சிருஷ்டி ஆராய்ச்சி நிலையம் என்ற ஸ்தாபனம், கலிபோர்னியாவிலிருந்து டல்லாஸ் நகரத்துக்குக் குடிபெயர்ந்து, விஞ்ஞான ஆசிரியர்களாகப் போகிறவர்களுக்கு எம்.எஸ். பட்டம் கொடுக்க அனுமதி கேட்டது. 2007 டிசம்பரில் ஓர் ஆலோசனைக் கமிட்டி கொடுக்கலாமென்றே சிபார்சு செய்துவிட்டது. விஞ்ஞானிகள் கூச்சல் போட்ட பிறகே கமிஷனர் மறுபடியும் விசாரித்தார். 2008 ஏப்ரலில் உயர்கல்விப் போர்டு அனுமதியை மறுத்தது.

உடனே இந்தப் பக்தர்கள் கடவுளிடமா முறையிட்டார்கள்? இல்லை. 2009ல் கோர்ட்டுக்குத்தான் ஓடினார்கள். மத சுதந்திரம் பறிபோயிற்று என்றார்கள். 2010 ஜூனில் ஜட்ஜ் ஸாம் ஸ்பார்க்ஸ் அவர்களது வாதத்தைத் தள்ளிவிட்டார்.

இதில் பறிபோனது என்ன என்று கேட்கிறோம். அவர்கள் பைபிளைப் போதிப்பதை யாரும் தடுக்கவில்லையே! தண்ணீர் விற்கிறவனைத் தடுக்கவில்லை. அதைப் பால் என்று சொல்லி விற்காதே என்றார்கள், அவ்வளவுதான்.

நிற்க, நம் நாட்டு யோக்கியதை என்ன? 2001ல் பல்கலைக்கழக மானியக் குழுவே ஜோதிடத்துக்கு "ஜோதிர் விஞ்ஞானம்" என்று பெயர் சூட்டிக் கல்லூரிகளில் புகுத்த முன்வந்தது. விஞ்ஞானி பார்கவா முதலியோர் அதை எதிர்த்துச் செய்துகொண்ட அப்பீலை 2004ல் சுப்ரீம் கோர்ட்டு தள்ளிவிட்டது. அங்கே புராணக்காரர் தோற்றார். இங்கே விஞ்ஞானி தோற்றார்.

ஆனால் தோழர்களே, ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு கோர்ட்டும் ஏறக்குறைய ஒரே நியாயத்தைத்தான் சொல்லின. அதாவது, பாடத்தையும் பட்டத்தையும் தீர்மானிப்பது கல்விச் சபையின் வேலை, அதில் நாங்கள் லேசில் கை வைக்கமாட்டோம் என்பதே. ஆகவே அறிவைக் காப்பாற்றும் பொறுப்பு கோர்ட்டில் இல்லை; கல்விச் சபையில் உட்காருகிறவர்களிடமும், அவர்களை உட்காரவைக்கும் ஜனங்களிடமும்தான் இருக்கிறது. டெக்சாஸிலும் கூச்சல் போட ஆளில்லாதிருந்தால் அந்தச் சிபார்சே நிலைத்திருக்கும். நம் பிள்ளைகளுக்கு எவன் எதை விஞ்ஞானமென்று சொல்லிக் கொடுக்கிறான் என்று கேட்க நாம் தயாரா? கேட்காத ஜனங்களுக்குக் கிரகபலனே விஞ்ஞானமாய் வந்து சேரும் என்று எச்சரிக்கிறோம்.